கார் இன்சூரன்ஸ்ல துட்டு யாருக்குப் போகும்? நெல்லை பக்கத்து வண்டிக்காரங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

கார் இன்சூரன்ஸ்னு பேச்செடுத்தாலே நம்ம பக்கம் ரெண்டு கேள்விதான் கேக்காங்க. "எவ்வளவு வரும் அண்ணாச்சி?", "இருக்கதுலயே கம்மி எது?" பதில் கெடச்சதும் துட்டக் கட்டி, பேப்பர டேஷ்போர்டுக்குள்ள போட்டுட்டு, அடுத்த வருஷம் எஸ்எம்எஸ் வந்தாதான் அத திரும்ப தேடுறது. ஆனா மொதல்ல கேக்க வேண்டிய கேள்வி வேற: நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு நடந்தா இந்தப் பாலிசியில துட்டு யாருக்குப் போகும்? ரோட்டுல அடிபட்டவருக்கா, என் வண்டிக்கா, எனக்கா, என் கூட உக்காந்து வந்தவங்களுக்கா? இது நாலும் தனித்தனி கணக்கு, ஒண்ணுக்குக் கட்டுன துட்டு இன்னொண்ணுக்கு ஒதவாது. அதனால இந்த நாலையும் வச்சே ஒவ்வொண்ணா பாத்துருவோம்.

1. சட்டம் கேக்கது எதிர்ல வந்தவருக்கு மட்டும்தான்

1988 மோட்டார் வாகனச் சட்டத்தோட 146வது பிரிவு சொல்றது, தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ், அதாவது ஒங்க வண்டியால அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கு உள்ள இன்சூரன்ஸ், இல்லாம வண்டிய ரோட்டுல எறக்கக் கூடாதுன்னு. மாட்டுனா மொத தடவ 2,000 ரூவா அபராதம், இல்லன்னா 3 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும் சேத்தே போடலாம், மறுபடி மாட்டுனா அபராதம் 4,000. வண்ணார்பேட்டை செக்கிங்ல நிப்பாட்டுனா மொபைல்ல டிஜிலாக்கர், எம்பரிவாஹன்ங்கிற அரசாங்க ஆப்ல ஏதாவது ஒண்ணுல காட்டுனா போதும், பேப்பரா கையில வச்சிருக்கணும்னு இல்ல.

அந்த 2,000 ரூவாய நெனச்சுதான் நெறைய பேரு பாலிசியே போடுதாங்க. உண்மையில பயப்பட வேண்டியது அதுக்கு இல்ல. நாங்குநேரி பக்கம் நாலுவழிச் சாலையில ராங் சைடுல வந்த பைக்க தட்டி ஒருத்தர் எறந்துட்டார்னு வைங்க, அவரு வயசு, சம்பளம், அவர நம்பியிருந்த குடும்பம் எல்லாத்தையும் பாத்துட்டு விபத்து இழப்பீட்டு கோர்ட்டு ஒரு தொகை போடும், அது பத்து லட்சமாவும் இருக்கும் அம்பது லட்சமாவும் இருக்கும். இன்சூரன்ஸ் இருந்தா கம்பெனி கட்டும், உயிருக்கும் காயத்துக்கும் சட்டத்துல உச்சவரம்பே கெடையாது. இல்லன்னா வயலு வீடுன்னு ஒங்க சொத்துலதான் கை வைக்கும். அடுத்தவங்க பொருளுக்கு, அதாவது அவங்க வண்டி, காம்பவுண்டு செவரு, கடை ஷட்டர் மாதிரி, 7.5 லட்சம் வரைக்கும். சில பாலிசியில இந்த 7.5 லட்சத்த 6,000 ரூவாயா சுருக்கி ப்ரீமியத்த கொஞ்சோண்டு கொறச்சுருப்பாங்க, அந்த வரிய ஒரு தடவ பாத்துக்கிடுங்க.

தேர்ட் பார்ட்டி ரேட்டு எந்தக் கம்பெனியில போட்டாலும் ஒண்ணுதான், ஏன்னா அத அரசாங்கம் நிர்ணயிக்கு. 2022 ஜூன் 1ல வந்த ரேட்டுப்படி 1000 சிசி வரைக்கும் 2,094 ரூவா, 1000க்கு மேல 1500 சிசி வரைக்கும் 3,416 ரூவா, அதுக்கு மேல 7,897 ரூவா, இதுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி. எலக்ட்ரிக் காருக்கு 15 சதவீதம் தள்ளுபடி. அதனால "தேர்ட் பார்ட்டி எங்ககிட்ட கம்மி"ன்னு ஒருத்தர் சொன்னா அவரு எதையோ கழட்டிட்டுச் சொல்லுதார்னு அர்த்தம், இல்ல போலி பாலிசி. க்யூஆர் கோட ஸ்கேன் பண்ணுங்க, ரெண்டு நாள் கழிச்சு எம்பரிவாஹன்ல வண்டி நம்பர போட்டு இன்சூரன்ஸ் தேதி ஏறிருக்கான்னும் பாத்துருங்க.

2. புது கார் வாங்குனவங்க ஏமாறுற இடம்

2018 செப்டம்பர் 1ல இருந்து புது காருக்கு 3 வருஷ தேர்ட் பார்ட்டி சேத்தே போட்டாகணும், சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. ஷோரூம்ல "மூணு வருஷத்துக்கு இன்சூரன்ஸ் இருக்கு சார்"னு சொல்லி சாவியக் குடுப்பாங்க. அது எதிர்ல வந்தவருக்கு மூணு வருஷம், ஒங்க வண்டிக்கு பெரும்பாலும் ஒரு வருஷம்தான். ரெண்டாம் வருஷம் ஓன் டேமேஜ், சுருக்கமா ஓடி (OD), அதாவது ஒங்க சொந்த வண்டி சேதத்துக்கு உள்ளது, அத மட்டும் தனியா புதுப்பிக்கணும், எந்தக் கம்பெனியில வேணும்னாலும் போடலாம், 2019 செப்டம்பர்ல இருந்தே அப்படி தனியா விக்காங்க. இது தெரியாம ரெண்டாம் வருஷம் தென்ன மட்டை விழுந்து பானட் நசுங்கி, மூணு வருஷம் இருக்குல்லான்னு தைரியமா சர்வீஸ் சென்டர் போய் நிக்கிறவங்க உண்டு. பாலிசியில ரெண்டு தேதி தனித்தனியா இருக்கும், ஓடி முடியிற தேதிய மொபைல்ல அலாரமா போட்டு வச்சிருங்க.

3. ஒங்க வண்டிக்கு: "ஃபுல் இன்சூரன்ஸ்"ங்கிற பேரு

தேர்ட் பார்ட்டியும் ஓன் டேமேஜும் சேந்ததுதான் காம்ப்ரிஹென்சிவ், நம்ம ஊர்ல ஃபுல் இன்சூரன்ஸ்னு சொல்லுதோம். மோதல், தீ, திருட்டு, வெள்ளம், பொயலு, நிலச்சரிவு, கலவரம், இதுக்கெல்லாம் வண்டிக்கு துட்டு வரும். கங்கைகொண்டான் பக்கம் ராத்திரி புள்ளிமான் குறுக்க பாஞ்சாலும், மலையடிவாரத்துல காட்டுப்பன்னி அடிச்சாலும் இதுல வரும். புளியரை தாண்டி கேரளா போனாலும் அதே பாலிசிதான். தானா தேஞ்சு போறது, மெக்கானிக்கல் ரிப்பேர், லைசென்ஸ் இல்லாத ஆளு ஓட்டுனது, குடிச்சிட்டு ஓட்டுனது, இதுக்கு வராது. வயர எலி கடிச்சா வருமா வராதாங்கிறது கம்பெனிக்குக் கம்பெனி மாறும், வாய்ச்சொல்ல நம்பாம மெயில்ல கேட்டு பதில வாங்கி வச்சிக்கிடுங்க.

இதுல ஐடிவின்னு ஒரு தொகை எழுதிருப்பாங்க. வண்டி களவு போனாலோ ஒண்ணுமில்லாம நசுங்குனாலோ அதிகபட்சம் கெடைக்கிறது அந்தத் தொகைதான். கார் கம்பெனி போட்டுருக்க விலையில இருந்து வண்டி வயசுக்கு ஏத்த மாதிரி கழிப்பாங்க: ஒண்ணுல இருந்து ரெண்டு வருஷத்துக்குள்ள 20 சதவீதம், மூணு வரைக்கும் 30, நாலு வரைக்கும் 40, அஞ்சு வரைக்கும் 50, அதுக்கு மேல நீங்களும் இன்சூரன்ஸ் கம்பெனியும் பேசி முடிவு பண்றது. 8 லட்ச ரூவா கார் நாலாவது வருஷத்துல ஓடுதுன்னா ஐடிவி 4.8 லட்சம் சுமாருக்கு வரும். ஆன்லைன்ல போடும்போது இந்த ஐடிவிய கொஞ்சம் ஏத்தவும் எறக்கவும் விடுவாங்க. "கம்மி ப்ரீமியம்"னு வர்ற முக்காவாசி கொட்டேஷன்ல ஐடிவிய எறக்கிதான் வச்சிருப்பாங்க, 700 ரூவா மிச்சத்துக்கு 60,000 ரூவா ஐடிவிய விட்டுக்குடுக்கது கோட்டிக்காரத்தனம். ரெண்டு கொட்டேஷன ஒப்பிட்டா ஐடிவிய ஒண்ணா வச்சு ஒப்பிடுங்க. ரிப்பேர் செலவு ஐடிவில 75 சதவீதத்த தாண்டிட்டுனா டோட்டல் லாஸ்னு முடிச்சுருவாங்க, அப்பமும் இந்தத் தொகைதான் பேசும்.

4. பில்லுல பாதி ஏன் நம்ம தலையில விழுகு

இதுதான் நெறைய சண்ட நடக்க எடம். ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு, 40,000 ரூவா பில்லு, கம்பெனி 22,000 தான் குடுக்கு, மிச்சத்த நீ கட்டுங்கான். ஏமாத்து இல்ல, பாலிசியிலயே எழுதிருக்கு. மாத்துற பாகத்துல ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி எல்லாத்துக்கும் 50 சதவீதம் கழிப்பாங்க, ஃபைபருக்கு 30, கண்ணாடிக்கு கழிவே இல்ல. மெட்டலுக்கு வண்டி வயசப் பொறுத்து, மொத ஆறு மாசம் ஒண்ணுமில்ல, மூணு நாலு வருஷ வண்டின்னா 25 சதவீதம், பத்து வருஷம் தாண்டுனா 50. பெயிண்டுலயும் மெட்டீரியல் செலவுல பாதி போகும். இது போக ஒவ்வொரு கிளைமுக்கும் கட்டாயமா கைக்காசு உண்டு, 1500 சிசி வரைக்கும் 1,000 ரூவா, அதுக்கு மேல 2,000.

இப்ப வர்ற காருல முன்னாடி பாதிக்கு மேல பிளாஸ்டிக்தான், பம்பர், கிரில், ஹெட்லைட் கூடுன்னு. அதனால அஞ்சு வருஷத்துக்குள்ள உள்ள வண்டின்னா ஜீரோ டெப்னு ஒரு ஆட்-ஆன், அதாவது பாலிசியோட கூடுதலா துட்டு கட்டிச் சேக்குறது, அத போடுங்க, இந்தக் கழிவெல்லாம் அதுல வராது, பம்பர் டு பம்பர்னு சொல்லுதது இதத்தான். ஆனா ஜீரோ டெப்லயும் அந்த 1,000 ரூவா கைக்காசு உண்டு, வருஷத்துக்கு இத்தன கிளைம்தான்னு வரம்பும் வச்சிருப்பாங்க. நட்டு, போல்ட்டு, ஆயில், கூலன்ட் இதெல்லாம் வேணும்னா கன்ஸ்யூமபிள்ஸ்னு இன்னொரு ஆட்-ஆன். ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் போட்டா டோட்டல் லாஸ்ல வாங்குன விலையே வரும், மொத ரெண்டு மூணு வருஷத்துக்கு நல்லது. சாவிக்கு, டயருக்குன்னு தனித்தனியா நீட்டுவாங்க, அதெல்லாம் எனக்கு தேவையாத் தெரியல.

5. தாமிரபரணி கரையில வீடுன்னா இத தாண்டிப் போகாதீங்க

2023 டிசம்பர் 17, 18 யாரும் மறந்துருக்க மாட்டோம். காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட மழ, ஸ்ரீவைகுண்டத்துல ரயிலு நின்னு போச்சு, இங்க ஜங்ஷன், கொக்கிரகுளம், வண்ணார்பேட்டைக்குள்ள எல்லாம் ஆத்துத் தண்ணி. தெருவுல நின்ன கார்ல சீட்டு மட்டத்துக்கு மேல தண்ணி ஏறிட்டு.

தேர்ட் பார்ட்டி மட்டும் வச்சிருந்தா அதுக்கு நயா பைசா வராது. ஃபுல் இன்சூரன்ஸ்னா சீட்டு, வயரிங், கிளீனிங் வேலைக்கெல்லாம் வரும். ஆனா எஞ்சின்ல ஒரு கொக்கி இருக்கு. தண்ணிக்குள்ள நிக்கிற வண்டிய ஸ்டார்ட் பண்ணுனா காத்து இழுக்குற வழியா தண்ணி சிலிண்டருக்குள்ள போயிரும், பிஸ்டன் தண்ணிய அமுக்க முடியாம கனெக்டிங் ராடு வளைஞ்சு போகும், இதத்தான் ஹைட்ரோலாக்குங்காங்க. வெள்ளம் வந்து தானா கெட்டது இல்ல, நீங்க ஸ்டார்ட் பண்ணுனதால கெட்டதுன்னு கம்பெனி சொல்லி கைய விரிக்கும். எஞ்சின் பழுதுன்னா லட்சத்துல போகும். இதுக்குதான் எஞ்சின் ப்ரொடெக்ட் ஆட்-ஆன். ஆத்துப் பக்கமோ குளத்துக்கு கீழயோ வீடு உள்ளவங்க வேற எந்த ஆட்-ஆன விட்டாலும் இத விடக் கூடாதுங்கது என் கருத்து, மகாராஜ நகர் மாதிரி மேட்டுல இருக்கவங்க யோசிச்சுக்கிடலாம். மழ வந்த பொறவு, வண்டி முங்குன பொறவு இத வாங்க முடியாது.

தண்ணி ஏறிட்டுனா செய்ய வேண்டியது. குறுக்குத்துறை முருகன் கோயில் முங்கிட்டுன்னு சேதி வந்தாலே வண்டிய மேட்டுக்கு ஏத்திருங்க, அதுக்கு மேல ஆத்த நம்பாதீங்க. அதையும் மீறி தண்ணி ஏறுனா சாவியத் தொடாதீங்க, இக்னிஷன் ஆன் கூட பண்ண வேண்டாம், பேட்டரி கைக்கு எட்டுனா மைனஸ் டெர்மினல கழட்டுங்க. தண்ணி எது வரைக்கும் நிக்குன்னு தெரியுற மாதிரி நம்பர் பிளேட்டோட போட்டோவும் வீடியோவும் எடுங்க, வடிஞ்ச பொறவு உள்ள சேறு படிஞ்ச அடையாளத்தையும் எடுங்க. கம்பெனிக்கு போன் போட்டு கிளைம் நம்பர வாங்குங்க. தள்ளி ஸ்டார்ட் பண்ணிப் பாக்க வேண்டாம், பக்கத்து வீட்டு மெக்கானிக் தம்பி "ஒரு செல்ஃப் அடிச்சுப் பாப்போம்ணே"ன்னாலும் வேண்டாம், டோ பண்ணிதான் கொண்டு போகணும்.

6. ஒங்க ஒடம்புக்கும் கூட வந்தவங்களுக்கும்

ஓனர் டிரைவர் பர்சனல் ஆக்சிடென்ட் கவர் 15 லட்சம், இது கட்டாயம். வேற பாலிசியில ஏற்கனவே அதே அளவு விபத்துக் காப்பீடு இருந்தா எழுதிக் குடுத்துட்டு விட்டுக்கிடலாம், ரெண்டு கார் வச்சிருந்தா ரெண்டுலயும் கட்ட வேண்டியதில்ல. உயிர் போனாலோ, கை கால் கண்ணு போனாலோதான் இதுல துட்டு, ஆஸ்பத்திரி பில்லுக்கு இல்ல.

நம்ம பக்கத்துக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு. மகன் துபாய்லயோ சென்னையிலயோ இருப்பான், வண்டி அவன் பேருல இருக்கும், ஊர்ல அப்பா ஓட்டுவாரு. இல்லன்னா வண்டி வீட்டம்மா பேருல, லைசென்ஸ் புருஷன்கிட்ட. இந்த 15 லட்சம் ஆர்சியில பேரு உள்ள, லைசென்சும் உள்ள ஆளுக்குதான் பேசும், அப்பாவுக்கு ஒண்ணுன்னா இது வராது. அந்த மாதிரி வீட்டுல மத்தவங்களுக்குன்னு உள்ள பர்சனல் ஆக்சிடென்ட் கவர கேட்டுச் சேத்துக்கிடுங்க, பேரு சொல்லாத பயணிகளுக்கு தலைக்கு 2 லட்சம் வரைக்கும் போடலாம், இல்லன்னா அப்பா பேருல தனியா ஒரு விபத்துப் பாலிசி எடுத்துருங்க.

அதே மாதிரி, தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள பாலிசியில ஒங்க காருக்குள்ள சும்மா கூட வந்த மாமா, மைனி, சிநேகிதன் யாரும் தேர்ட் பார்ட்டி கணக்குல வர மாட்டாங்க, காம்ப்ரிஹென்சிவ்லதான் வருவாங்க. குடும்பத்தோட திருச்செந்தூர் குற்றாலம்னு அலையிறவங்க பழைய வண்டிதானேன்னு தேர்ட் பார்ட்டியோட நிப்பாட்டுறதுக்கு முன்ன இத ஒரு நிமிஷம் யோசிக்கணும். ஆக்டிங் டிரைவர் போடுற பழக்கம் இருந்தா பெய்டு டிரைவர் லையபிலிட்டின்னு ஒரு வரி, ரொம்ப சொற்ப துட்டுதான், சேத்துருங்க.

7. ஓன் போர்டு வண்டிய வாடகைக்கு விடாதீங்க

சீசன் நேரத்துல குற்றாலத்துக்கு, முகூர்த்த நாள்ல கல்யாண வீட்டுக்குன்னு வெள்ள போர்டு வண்டிய துட்டுக்கு விடுதது ஊரெல்லாம் நடக்கு. பாலிசியில "எதுக்கு பயன்படுத்தலாம்"னு ஒரு பத்தி இருக்கும், அதுல வாடகைக்கு கூடாதுன்னு தெளிவா போட்டுருக்கும். விபத்துன்னு வந்து உள்ள இருந்தவங்க "துட்டு குடுத்து வந்தோம்"னு ஒரு வார்த்த சொல்லிட்டா ஒங்க வண்டிக்கு கிளைம் அம்போ, தேர்ட் பார்ட்டிக்கு கம்பெனி கட்டுனாலும் திரும்ப ஒங்ககிட்ட வசூல் பண்ண கேஸ் போடலாம். லைசென்ஸ் இல்லாத பையன் ஓட்டுனாலும் இதே கதைதான். அதே போல பொறவு மாட்டுன சிஎன்ஜி, எல்பிஜி கேஸ் கிட்டு எதுவானாலும் ஆர்சியிலயும் பாலிசியிலயும் ஏத்தணும்.

8. சின்ன கீறலுக்கு கிளைம் போடலாமா

ஒரு வருஷம் கிளைம் போடலன்னா அடுத்த ரினீவல்ல ஓடி ப்ரீமியத்துல 20 சதவீதம் கழிவு, பொறவு 25, 35, 45, கடைசியில 50. இதுதான் நோ கிளைம் போனஸ். ஒரு தடவ கிளைம் போட்டா பூஜ்யத்துல இருந்து திரும்ப ஏறணும்.

கணக்குப் போட்டு பாருங்க. பம்பர் 6,000 ரூவா, ஜீரோ டெப் இல்ல. பிளாஸ்டிக்னு பாதி போனா 3,000, கைக்காசு 1,000 போனா கையில வர்றது 2,000. மூணு வருஷம் கிளைம் போடாம 35 சதவீதம் வரப் போகுதுன்னா 8,000 ரூவா ஓடி ப்ரீமியத்துல 2,800 மிச்சம், அத 2,000 ரூவாய்க்காக எழக்கணுமா? பேட்டையில ஒரு நல்ல டிங்கரிங் பட்டறையில குடுத்து முடிச்சிருங்க.

இந்த போனஸ் வண்டிக்கு இல்ல, ஆளுக்கு. பழைய கார வித்துட்டு புதுசு வாங்கும்போது கம்பெனியில சர்டிபிகேட் வாங்கி புது வண்டிக்கு மாத்திக்கிடலாம், 3 வருஷம் வரைக்கும் செல்லும். பாலிசி முடிஞ்சு 90 நாளுக்குள்ள புதுப்பிக்கலன்னா போனஸ் போயிரும். ஒரு நாள் லேட்டானாலும் வண்டிய இன்ஸ்பெக்‌ஷன் பண்ணிதான் ஓடி குடுப்பாங்க, இடையில நடந்த எதுக்கும் பொறுப்பு இல்ல.

9. செகண்ட்ஸ் வண்டி வாங்குனா

ஆர்சி மாத்துறதோட வேல முடிஞ்சுட்டுன்னு நெனைக்காங்க. வித்ததுமே தேர்ட் பார்ட்டி புது ஓனருக்கு சட்டப்படி மாறிரும், ஓன் டேமேஜ் மாறாது, கம்பெனிக்கு 14 நாளுக்குள்ள எழுதிக் குடுத்து பேரு மாத்தணும். பழைய ஓனரோட போனஸ் ஒங்களுக்கு வராது, அந்த வித்தியாசத்த கட்டச் சொல்லுவாங்க, கட்டிருங்க. டிஎன் 72 வண்டி ஒங்க வாசல்ல நிக்கு, பாலிசி வேற ஆளு பேருல இருக்குன்னா திருடு போனா ரெண்டு பேருக்குமே துட்டு வராது.

10. கிளைம் நேரத்துல

அடிபட்டவங்க இருந்தா மொதல்ல 108, ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி. தமிழ்நாட்டுல இன்னுயிர் காப்போம் திட்டத்துல மொத 48 மணி நேர சிகிச்ச இலவசம், அத தெரிஞ்சு வச்சிக்கிடுங்க. வண்டிய எடுக்கதுக்கு முன்ன நாலு பக்கமும் போட்டோ. ஆளுக்கு காயம்னா ஸ்டேஷன்ல எஃப்ஐஆர் கட்டாயம், அங்கனயே பேசி முடிச்சுக்கிடுவோம்னு ரோட்டோரத்துல துட்டு குடுத்துட்டு வர வேண்டாம், நாளைக்கு கேஸு வந்தா ஒங்ககிட்ட ஒரு பேப்பரும் இருக்காது. திருட்டுக்கும் எஃப்ஐஆர் வேணும், மனு வாங்குனதுக்குக் குடுக்க வெறும் சிஎஸ்ஆர் ரசீது பத்தாது, பொறவு கண்டுபிடிக்க முடியலன்னு போலீஸ் குடுக்க அறிக்கையும் ரெண்டு சாவியும் கம்பெனி கேக்கும், ஸ்பேர் சாவி எங்க கெடக்குன்னு இன்னைக்கே தேடி எடுத்து வைங்க.

கம்பெனிக்கு அன்னைக்கே சொல்லிருங்க. சேதத்த மதிப்பு போட கம்பெனி அனுப்புற சர்வேயர் பாக்கும் முன்னால ஒரு ஸ்க்ரூவக் கூட கழட்ட விடாதீங்க. கேஷ்லெஸ்னா, அதாவது கம்பெனியே பில்ல நேரா கட்டணும்னா, அந்தக் கம்பெனியோட நெட்வொர்க்ல உள்ள சர்வீஸ் சென்டர்தான், அதனால பாலிசி எடுக்கும்போதே திருநெல்வேலியில எது எது இருக்குன்னு கேளுங்க, மதுரையில இருக்குன்னா அந்த கேஷ்லெஸ்சால ஒங்களுக்கு பிரயோஜனம் இல்ல. எஸ்டிமேட் வந்ததும் எதுக்கு எவ்வளவு கம்பெனி, எவ்வளவு நீங்கன்னு வேலைக்கு முன்னாலயே எழுத்துல வாங்குங்க.

தள்ளுபடி பண்ணுனாலோ கொறச்சுக் குடுத்தாலோ, காரணத்த கடிதமா கேளுங்க. மொதல்ல அந்தக் கம்பெனியோட குறைதீர் அதிகாரிக்கு மெயில். ரெண்டு வாரத்துல பதில் வரலன்னாலோ பதில் சரியில்லன்னாலோ இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்க ஐஆர்டிஏஐயோட பீமா பரோசா தளத்துல போடலாம், 155255க்கு போனும் பண்ணலாம். அடுத்தது சென்னையில உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன், 50 லட்சம் வரைக்கும் விசாரிப்பாங்க, பீஸ் இல்ல, வக்கீலும் வேண்டாம், கம்பெனி மறுத்து ஒரு வருஷத்துக்குள்ள போடணும். அதுவும் வேண்டாம்னா நம்ம ஊர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கு, அங்க ரெண்டு வருஷம் வரைக்கும் டைம். எங்க போனாலும் மொதல்ல கேக்கப் போறது பாலிசி காப்பி, சர்வேயர் ரிப்போர்ட், தள்ளுபடி பண்ணுன கடிதம் இந்த மூணும்தான், சர்வேயர் ரிப்போர்ட்ட ஒங்களுக்கு யாரும் தானா தர மாட்டாங்க, கேட்டு வாங்குங்க.